பல்வலி வரும் நேரம்

பஸ்ஸில் அவள் ஏறினால் பக்கத்து சீட்டு தானாகக் காலியாகும். "யாருக்குங்க பல்வலி?" என்று எவராவது கேட்காமல் விட்டதில்லை. பதினோரு வருடமாகக் கிராம்பு எண்ணெயோடு மாரடிக்கிற ஆய்வகக்காரி வேறென்ன மணப்பாள்?

கிராம்பு எண்ணெயின் நெடி தானியத்தில் வண்டை அண்டவிடாது. ஆனால் நாலே நாளில் காற்றோடு போய்விடும். அதைக் கண்ணுக்கே தெரியாத துளிகளாக்கி, ஒவ்வொன்றையும் மாவுச்சத்து உறைக்குள் அடைத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவைப்பதுதான் அவள் வேலை. பாழாய்ப்போன உறையோ அடைத்த அன்றே வெடித்து அவள் மேலெல்லாம் அப்பிக்கொள்ளும்.

வீட்டில் அப்பா இருந்தார். பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள். அவருக்கு முதலில் கண் போனது, பிறகு ஞாபகம் போனது, மகளின் பெயரும் கூடவே போனது. அவளை அடையாளம் காண மூக்கு மட்டும் மிச்சம். கதவு திறந்ததும், "வந்துட்டியாடி பல்வலி?" என்பார். அந்த ஒரு கேள்வியில் நாள் முழுக்க நின்ற கால்வலி பறந்துவிடும்.

அந்த வாரம் புதிய உறை ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. எண்ணெயைக் கையால் தொடும் வேலையும் மூடிய கருவிக்குள் போய்விட்டது. திங்கட்கிழமை அப்பா சற்று யோசித்தார். புதன்கிழமை கிட்டப் போய் நின்ற பிறகுதான் கண்டுகொண்டார். "சளி பிடிச்சிருக்காப்பா?" என்று சிரித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வகத்துப் பெரிய மேடம் அவள் கையைப் பிடித்து மோந்து பார்த்தார். "ஒண்ணுமே மணக்கல! ஜெயிச்சுட்டோம்மா!"

தலைகால் புரியாமல், எண்ணெயை அடைத்த அந்தப் பொடியில் ஒரு பொட்டலத்தோடு வீடு வந்தாள்.

"அப்பா, நான்தான்."

"யாரும்மா?"

"உங்க பொண்ணுப்பா."

"குரல் அவளோடது மாதிரியேதான் இருக்கு. ஆனா அவ வர்றது தெருமுனையிலயே தெரிஞ்சிடுமே."

பொட்டலத்தைப் பிரித்துப் பொடியை உள்ளங்கையில் அரக்கித் தேய்த்து அவர் மூக்கருகே நீட்டினாள். ஒன்றும் வரவில்லை. அவளே பார்த்துப் பார்த்து அடைத்தது, அவ்வளவு சுலபத்தில் திறக்குமா? நாளைக்குக் கடையில் ஒரு சீசா எண்ணெய் வாங்கிவிடலாம்தான். ஆனால் இத்தனை நாளும் அவர் கூப்பிட்டது தன்னையா, எண்ணெயையா? அதை நினைத்ததும் அடக்க முடியாமல் அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுதாள்.

"நல்ல பொண்ணாத் தெரியுற. உக்காரும்மா," என்றார் அப்பா. "பல்வலி இப்ப வந்துடுவா. வந்ததும் உனக்கும் டீ போடச் சொல்றேன்."

"சரிங்கய்யா," என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.