வளராத ஈரல்

எதிரே வருபவரின் கண் வெள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார் டாக்டரம்மா. "என்னம்மா இப்படி உத்துப் பார்க்கறீங்க, எடையில ஒண்ணும் குறைக்கலையே!" என்று காய்கறிக்காரர் ஒருவர் பதறியதுண்டு. மஞ்சள் தட்டுகிறதா என்று தேடும் பார்வை அது. "அம்மா, பஸ்ல வர்றவங்க எல்லாரும் உன் பேஷண்ட் இல்ல" என்று மகள் முழங்கையால் இடிப்பாள்.

குடலிலும் இரைப்பையிலும் தொடங்கி ஈரலுக்குத் தாவும் புற்றுநோயோடுதான் அவருக்கு மல்லுக்கட்டு. காலையில் கத்தியோடு; மதியத்துக்கு மேல், காலையில் வெட்டியெடுத்ததை ஆய்வகத்தில் உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துக்கொண்டு. சோறு ஆறி அவலானாலும் நின்றபடியே விழுங்குவார். "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. "என்னால ஆனதைச் செய்யறேன்." அவ்வளவுதான்.

கட்டியை முதலில் சுருக்கி, பிறகு வெட்டலாம் என்று ஒரு புது மருந்தை வருஷக்கணக்காக ஆராய்ந்தார். சம்மதித்த நோயாளிகளுக்குக் கொடுத்தபோது கட்டிகள் சுருங்கவும் செய்தன. ஆய்வகத்துக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

சம்மதித்தவர்களில் ஒருவர் தையல்காரர். பாதிக்கு மேல் வெட்டினாலும் ஈரல் மறுபடி வளர்ந்துவிடும் என்று டாக்டரம்மா விளக்கியபோது வயிறு குலுங்கச் சிரித்தார். "துணியும் அப்படி வளர்ந்தா நான் எப்பவோ மாடி வீடு கட்டியிருப்பேனே! வெட்டுங்க டாக்டரம்மா. எனக்கு இல்லாட்டியும் பின்னால வர்றவனுக்கு ஆகட்டும்."

அறுவை சுத்தமாக முடிந்தது. ஈரல்தான் வளரவில்லை. கண் மஞ்சளித்து, வயிற்றில் நீர் கோத்து, பேச்சு குழறி, மனைவியின் பெயரையும் மறந்து அவர் போய்ச் சேர்ந்தார். அவருக்கு முன் அதே மருந்து எடுத்த ஒரு மூதாட்டியும் அப்படித்தான் போயிருந்தார். அப்போது வயதின் மேல் பழி போட்டார்கள்.

டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தையல்காரரிடமிருந்து எடுத்த துண்டில், கட்டியை விட்டுவிட்டு நல்ல பகுதியை உருப்பெருக்கியில் வைத்தார். நுண்ணிய ரத்தக்குழாய்கள் வீங்கிச் சிதைந்திருந்தன. மூதாட்டியின் துண்டிலும் அதே சிதைவு. கட்டியைச் சுருக்கிய மருந்தே மிஞ்சிய ஈரலையும் அரித்திருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் பேரைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமேம்மா. அவசரப்பட்டா எல்லாம் வீணாயிடும்" என்றார் துறைத் தலைவர்.

"அந்தக் கொஞ்சம் பேர்ல உங்க வீட்டுல இருந்து யாரையாவது அனுப்புவீங்களா சார்?"

அன்றே ஆய்வு நின்றது.

தையல்காரர் வீட்டுக்கு டாக்டரம்மா தனியாகத்தான் போனார். வாசல் அறையில் தைத்து முடிக்காத சட்டைகள் தொங்கின. அவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல, தையல்காரரின் மனைவி ஒரு சட்டையின் காலரை நீவிக்கொண்டே கேட்டார்.

"தெரிஞ்சே குடுத்தீங்களா?"

"இல்லம்மா. தெரியாது."

"அந்த மருந்தைக் குடுக்காம இருந்தா பிழைச்சிருப்பாரா?"

"இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு."

"அப்போ இதை எதுக்கு வந்து எங்கிட்ட சொல்றீங்க? விதின்னு நினைச்சுக்கிட்டாவது கிடந்திருப்பேனே."

டாக்டரம்மா எழுந்தார். படி இறங்கியவரை அந்தக் குரல் நிறுத்தியது.

"அவர்கிட்ட வெட்டி எடுத்தது என்னாச்சு?"

"ஆஸ்பத்திரியில உறைய வெச்சிருக்கோம். அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். இனிமே யாருக்கும் அந்த மருந்து இல்லம்மா."

அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ஆய்வகத்தில் உறைபெட்டியைத் திறந்து நின்றார் உதவியாளர். புதிதாக வந்தவற்றுக்கு இடமில்லை. "நின்னுபோன ஆய்வுதானே மேடம், இதையெல்லாம் எடுத்துப் போட்டுடவா?" என்றார், தையல்காரரின் துண்டு இருந்த டப்பாவைக் கையில் பிடித்தபடி.

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு அதை வாங்கினார். மேல்தட்டில் இருந்த தன் புது மாதிரிகளை ஒதுக்கி, அந்த இடத்தில் அதை வைத்தார். கதவைச் சாத்தினார். சாத்திய கதவின் மேல் கையை வைத்தபடி, உதவியாளர் நகர்ந்து போகும்வரை, திரும்பாமல் நின்றார்.