காதுக்குத் தெரிந்த தெலுங்கு

போலந்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், காலையில் உள்ளே போகுமுன் ஓர் இரும்புத் தகட்டின் மேல் ஏறி நின்று, எதிரே உள்ள பொத்தானில் விரல் வைக்க வேண்டும். உடம்பில் சேரும் மின்சாரம் காலணி வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று பச்சை விளக்கு சொன்னால்தான் கதவு திறக்கும். நம் கோயிலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். இங்கே செருப்புக்கே பரீட்சை. வேலை பவுடர் கோட்டிங். துப்பாக்கி போன்ற கருவி, மின்னூட்டிய வண்ணப்பொடியைத் தூவும். தொங்கும் இரும்புச் சாமான் எர்த்தோடு சேர்ந்திருந்தால் பொடி அதில் ஒட்டிக்கொள்ளும். எர்த் விட்டுப்போனால் சாமானில் மின்சாரம் சேரும். பிறகு ஒரு பொறி போதும், மிதக்கும் பொடி பற்றிக்கொள்ளும். ஊரில் இருந்தபோது என் வலது முன்கைத் தோல் சுருங்கிப்போனது அப்படித்தான்.

வந்த முதல் வாரம், பாதுகாப்பு அதிகாரி அக்னியெஷ்கா அம்மா சிரித்த முகமாக ஒரு தாளை நீட்டினார். பாஸ்போர்ட்டில் ஆந்திரா என்று பார்த்து, எனக்காகவே விதிகளைத் தெலுங்கில் அச்சிட்டிருந்தார். "நோ ரீட்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. மறுநாள் வெறும் படங்கள் உள்ள தாளோடு வந்தார். பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காதவன் என்று முடிவு கட்டிவிட்டார் போலும். தமிழ் மீடியத்தில் பத்தாவது தேறியவன் என்று எந்த மொழியில் சொல்வது?

என் ஊர் சித்தூரை அடுத்த குடிபாலா பக்கம். எல்லை பிரித்தபோது வேலூர் தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரப் பக்கம் நின்றோம். வீட்டிலும் பள்ளியிலும் தமிழ். சந்தையிலும் பஸ்ஸிலும் தெலுங்கு. அதனால் தெலுங்கு என் காதுக்கு முழுக்கத் தெரியும், கண்ணுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. இதை நன்றாக அறிந்தவர் என் பெரியப்பா மகன் கோபால் அண்ணன். அவர் தெலுங்கு மீடியத்தில் படித்தவர், திருப்பதி பக்கத்தில் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் சூப்பர்வைசர். என்னை அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான்.

ஒரு நாள் வெல்டிங்குக்கு வேண்டுமென்று எங்கள் எர்த் ஒயரைக் கழற்றிப் போனார். திரும்பி வந்ததும் கேட்டேன்: "எர்த்து போட்டாச்சாண்ணா?"

"போட்டாச்சி, நீ அடிடா."

குனிந்து பார்க்காமல் துப்பாக்கியை அழுத்தினேன். என் தவறு அதுதான். ஒயர் மாட்டியிருக்கவே இல்லை, பொடி பற்றிக்கொண்டது. தீ அணைந்து, ஈரத்துணி சுற்றிய கையோடு ஆட்டோவில் ஏறப்போனவனிடம் அண்ணன் ஒரு தெலுங்குத் தாளை நீட்டினார். "ஆஸ்பத்திரி பேப்பருடா. இன்னா யோசிச்சிக்கினு கீற? போடு." இடது கையால் கையெழுத்துப் போட்டேன்.

கட்டுப் பிரிப்பதற்குள் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்கத் தொழிலாளர் அலுவலகம் போனேன். பட்டறைக்காரர்கள் கொடுத்திருந்த, நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைக் குமாஸ்தா சத்தமாகப் படித்தார்: "எர்த் ஒயர் நேனே தீசேசானு." எர்த் ஒயரை நானே கழற்றினேன் என்று நானே எழுதிக்கொடுத்தேனாம். காதில் விழுந்ததும் கை மறுபடி எரிந்தது. அதன்பின் அந்தப் பக்கத்தில் எந்தப் பட்டறையும் என்னைச் சேர்க்கவில்லை.

"ஏண்ணா இப்டி பண்ணே?" என்று அண்ணன் வீட்டு வாசலில் நின்று கேட்டேன்.

"ஆந்திராவுல பொறந்துட்டு தெலுங்கு படிக்காதது யாரு தப்புடா?" என்றார்.

ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பயந்துபோய்ச் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அந்தக் கேள்வியை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இங்கே போலந்தில், அக்னியெஷ்கா அம்மாவிடம் படத்தாளைத் திருப்பிக் கொடுத்து, பழைய தெலுங்குத் தாளையே கேட்டு வாங்கினேன். கைபேசியை அதன் மேல் பிடித்து, சத்தமாகப் படிக்க வைத்தேன். "எர்த் லேகுண்டா கன் முட்டுகோவத்து." எர்த் இல்லாமல் துப்பாக்கியைத் தொடாதே. கடைசி வரிவரை கேட்டேன், சில வரிகளை இரண்டு முறை. பிறகுதான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அவர் அச்செழுத்தையும் என் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் ஊரில் இதையெல்லாம் எப்படிப் படித்தாய்?" என்று உடைந்த இங்கிலீஷில் கேட்டார்.

"மை பிரதர் ரீட்" என்றேன்.

"ஓ, குட் பிரதர்!" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் தகட்டின் மேல் ஏறி நின்று பொத்தானில் விரலை வைத்தேன். பச்சை எரிந்தது.