“போகல சார்” சொல்லப் பழக்கிய முனிரத்தினம்

பலமனேர் மண்டியில் தக்காளி விலை விசாரித்துக்கொண்டிருந்தபோது முனிரத்தினம் அண்ணனின் மனைவி சுலோச்சனா அக்காவின் அழைப்பு வந்தது. “உங்க அண்ணன் காலைல போயிட்டாரு விஜயா. வலியில்லாம போனாரு” என்றார். சில மாதங்களாகவே ஈரல் நோயோடு படுத்திருந்தவர்தான். ஆனாலும் கேட்ட விலையை எழுதிக்கொள்ளாமலே மண்டியை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

முனிரத்தினம் அண்ணனைப் போர்முனைக்குப் போய் வந்த ஒளிப்பதிவாளராகச் சிலர் அறிவார்கள். ஆபத்தான இடங்களுக்குப் போகும் செய்தியாளர்கள் உயிரோடு திரும்பி வருவதற்குப் பயிற்சி கொடுத்தவராக, அவரிடம் கற்ற நாங்கள் அறிவோம்.

நகரியில் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவர். திருப்பதியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். தனியார் செய்திச் சேனல்கள் முளைக்கத் தொடங்கியதும் ஹைதராபாத் போனார். பிறகு தில்லி, அதன்பின் ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம். எங்கள் பக்கத்து ஆட்கள் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் வேலை தேடிப் போன அந்த வருடங்களில் அவர் ஆப்கானிஸ்தான் போனார்.

அங்கே ஒரு கடைத்தெருவில் குண்டு வெடித்து, அவருடைய ஓட்டுநர் கரீமின் தொடையில் இரும்புத் துண்டு பாய்ந்தது. அண்ணன் தன் தோள் துண்டை எடுத்துக் காயத்தின் மீதே சுற்றிக் கட்டினார். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் கரீம் இறந்துவிட்டார். காயத்துக்கு மேலே, இடுப்புப் பக்கமாகத் தொடையை இறுக்கிக் கட்டியிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னாராம். இதை அண்ணன் எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

“அவன் என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தான். இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியும்னு நெனச்சிக்கினான்.”

அதன்பிறகுதான் நிறுவனம் அவரைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பியது. முடித்ததும் வேலையை விட்டுவிட்டு மனைவியோடு திருப்பதிக்கு வந்தார். நம் ஊர்ச் சேனல்கள் செய்தியாளர்களைக் காஷ்மீருக்கும் சத்தீஸ்கருக்கும் கையில் மைக்கை மட்டும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களுக்குப் பயிற்சி நடத்துவார். நகரியிலிருந்து கழிவுத் துணியை மூட்டையாகக் கொண்டுவருவார். ஒருவர் படுத்துக்கொள்ள, இன்னொருவர் அவர் காலில் கட்டுப் போட வேண்டும். ரத்தத்துக்குப் பதிலாக ஊற்றிய பீட்ரூட் சாறு தரையெல்லாம் வழியும். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். ஆனால் கட்டுச் சரியாக விழும்வரை எழுந்திருக்க விடமாட்டார். புது இடத்தில் தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்களா, கடை திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வார்; இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்பார்.

இவற்றையெல்லாம்விடக் கடினமான பாடம் கடைசி நாளில் வரும். அண்ணன் பக்கத்து அறையிலிருந்து சேனலின் செய்தி ஆசிரியரைப் போலத் தொலைபேசியில் பேசுவார். மற்ற சேனல்காரர்கள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள், நீயும் போ என்பார். தெலுங்கில் திட்டுவார், தமிழில் கெஞ்சுவார். என் முறை வந்தபோது நான் சாலை சரியில்லை, இருட்டப் போகிறது என்று காரணங்களை அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். பிறகு வெளியே வந்து சொன்னார்:

“காரணம் சொன்னா அவன் பதில் சொல்வான்மா. ‘போகல சார்’னு சொல்லு. சொல்லிட்டு கம்முனு இரு.”

அடுத்த ஆண்டு சத்தீஸ்கரில், கண்ணிவெடிக்குப் பேர்போன ஒரு காட்டுப் பாதை. அன்று சந்தை நாள். ஆனால் சந்தையில் ஒரு ஆள் இல்லை, தெருவில் ஒரு குழந்தை இல்லை. ஒளிப்பதிவாளர் சங்கர் என்னைப் பார்த்தார். ஆசிரியர் தொலைபேசியில் விடாமல் வற்புறுத்தினார். நான் “போகல சார்” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

அன்று அந்தப் பாதையில் எதுவுமே நடக்கவில்லை. போட்டிச் சேனல்காரர்கள் உள்ளே போய்ப் பேட்டி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். என்னைச் சித்தூருக்கு மாற்றி, மண்டி விலை எழுதச் சொன்னார்கள்.

அழுதுகொண்டே அண்ணனிடம் போனேன். ஒன்றுமே நடக்கவில்லையே என்றேன். அவர் முதலில் எனக்குச் சாப்பாடு போடச் சொன்னார். நான் சாப்பிட்டு முடித்ததும் சொன்னார்:

“நாளைக்கு சங்கர் வீட்டுக்குப் போ. அவரு பொண்டாட்டிகிட்ட, ‘ஒண்ணும் நடக்கலயே’ன்னு இதே மாதிரி அழுதுட்டு வா, பாக்கலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. “எனக்கு அப்பிடி ஒரு நாள் கெடைக்கல விஜயா” என்றார்.

அதன்பிறகு மண்டி விலை எழுதுவதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

நகரியில் அவரைத் தகனம் செய்தோம். சித்தூர், திருப்பதி, ஹைதராபாத், பெங்களூர் என்று பல ஊர்களிலிருந்து செய்தியாளர்கள் வந்திருந்தார்கள். தெருவை அடைத்து நின்ற அவர்களில் பாதிப் பேர் படம் எடுத்தே பிழைப்பவர்கள். அன்று ஒருவரும் கேமராவை வெளியே எடுக்கவில்லை. சில அடிகளுக்கு ஒருமுறை தோள் மாறிக்கொண்டே இருந்தது; காத்திருந்த ஒவ்வொருவரும் அவரைச் சற்றுத் தூரம் சுமந்தார்கள். சங்கர் செருப்பில்லாமல் முன்னால் போனார். நான் சுலோச்சனா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, பாடை மறையும்வரை தெருமுனையில் நின்றேன்.

பத்திரமாகப் போய்ச் சேருங்கள், அண்ணா.