பதினான்காவது வரிசை

வலது கை சுத்தியலை ஓங்கியது. இடது கை விரல்களை விரித்து மரத்தின் மேல் படிந்திருந்தது. அடி விழுந்தால் சத்தம் காதுக்கு எட்டுவதற்கு முன்பே உள்ளங்கைக்கு எட்டிவிடும். நல்ல மரமாயிருந்தால் சுள்ளென்று ஒரு குத்து. நீர் ஏறிய மரமாயிருந்தால் மந்தமாக ஒரு முட்டல். இந்தப் பாலக்காலில் இரண்டும் இல்லை. ஈரச் சாக்கில் அடித்ததுபோல் அடி உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

கைகள் ஒரு சாண் கீழே இறங்கின. இன்னொரு அடி. அங்கும் அப்படியே.

சுத்தியலை இடுப்பு வாரில் செருகிவிட்டுக் கைகள் முறுக்குத் துளைப்பானை எடுத்தன. நல்ல மரத்தில் ஒரு விரற்கடை இறங்க நாற்பது சுற்றுச் சுற்ற வேண்டும். இங்கே ஏழாவது சுற்றிலேயே துளைப்பான் தானாகப் பாய்ந்து பிடிவரை போய் நின்றது. வெளியே இழுத்தபோது கம்பியெங்கும் கூழ். கூழுக்குள் முட்டை ஓடு போலச் சுண்ணாம்புத் துணுக்குகள். அவற்றின் நடுவே, விரல் நீளத்தில், இரண்டாக அறுபட்ட ஒரு வெள்ளைப் புழு.

அவள் அதை ஒரு தகர டப்பியில் போட்டு மூடினாள். மூடி சரியாகப் பொருந்த மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது.

ஊரில் அவளைச் சுத்தியலக்கா என்றுதான் சொல்வார்கள். கடலுக்குள் கால் மைல் நீளும் மரப் பாலம். அதன் மேல் ஒற்றைத் தண்டவாளம். அதன் நுனியில், கப்பல் வந்து அணையும் இடத்தில், ஒரு ரயில் நிலையம். கரையில் இன்னொன்று. பாலத்தில் வரிசைக்கு நான்கு கால்களாக நாற்பது வரிசை. கடல் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கி, அந்த நூற்றறுபது கால்களையும் தட்டிப் பார்த்து எழுதிக் கொடுப்பது அவள் வேலை. கணவர் நோயில் போனபோது அவருடைய வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். சொல்லித்தர ஆள் இல்லை. விதிப் புத்தகத்தை ஒரு கையிலும் சுத்தியலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு அவளே கற்றுக்கொண்டாள். இருபத்து மூன்று வருடம் ஆகிறது.

அப்போது நாளைக்கு ஒன்பது ரயில், மூன்று கப்பல். கப்பலை விட்டு இறங்கியவன் நாற்பது எட்டு வைத்தால் ரயிலில் உட்காரலாம். பிறகு தெற்கே புதுத் துறைமுகம் வந்தது. அங்கே லாரியும் காரும் நேராகக் கப்பல் வயிற்றுக்குள்ளேயே போய்விடும். இங்கே கப்பல் ஒன்றானது, ரயில் இரண்டானது. சாப்பாட்டு அறைக்குப் பூட்டு. சுமை தூக்குபவர்களின் அறைக்குப் பூட்டு. இரண்டு நிலையத்துக்கும் சேர்த்து ஒரே ஸ்டேஷன் மாஸ்டர். ஆறு வருடத்துக்கு முன் பொருள் கிடங்கையும் மூடினார்கள். போன மாதம் வந்த கடிதம் சுருக்கமாக இருந்தது: பாலத்தைப் பற்றிப் பாதகமாக ஓர் அறிக்கை வந்தால் நுனி நிலையம் அன்றோடு மூடப்படும்.

அவள் துளைத்த இடத்துக்குப் பக்கத்தில், போன வருடம் துளைத்து அடைத்த மரத் தக்கை தெரிந்தது. கத்தி முனையால் நெம்பினாள். ஊறிய ரொட்டி மாதிரி உதிர்ந்து கையில் விழுந்தது. அதன் பின்னால், மரத்துக்குள், புழுக்கள் போன பாதைகள். எல்லாப் பாதையும் தக்கையிலிருந்துதான் கிளம்பின.

பக்கத்து வரிசைக்குப் போனாள். பதினைந்தில் சத்தம் நன்றாக இருந்தது. தக்கையை நெம்பினாள். பாதிதான் மிச்சம். பதின்மூன்றிலும் அப்படியே.

மூன்று தக்கைத் துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

சந்தேகமான கால்களை மட்டும் துளைத்துப் பார்க்கச் சொல்கிறது விதி. பழுது பார்க்கும் ஆட்களைக் குறைத்தபோது, தட்டினால் மட்டும் போதாது என்று பயந்து எல்லாக் கால்களையும் துளைக்கத் தொடங்கினாள். வருடத்துக்கு நூற்றறுபது, ஆறு வருடத்தில் தொள்ளாயிரத்து அறுபது துளைகள். துளையை அடைக்க, புழு அண்டாதபடி கீலில், அதாவது தாரில், வேகவைத்த தக்கை முன்பு கிடங்கிலிருந்து வரும். கிடங்கை மூடியபின் அவளே பெட்டிப் பலகையைச் சீவித் தக்கை செய்தாள். இம்மி இடைவெளி இல்லாமல் இறுக அடித்து, மேலே மட்டும் கீல் பூசினாள். பூச்சு உரிந்த இடத்தில் கீல் ஏறாத வெறும் மரம். புழுவுக்கு அவளே வாசல் வைத்துக் கொடுத்திருக்கிறாள். தொள்ளாயிரத்து அறுபது வாசல்.

கை தானாகவே தக்கைப் பைக்குள் போனது. புதிதாக ஒன்றை அடித்துக் கீலைப் பூசிவிட்டால் யாருக்குத் தெரியும்? அவளைத் தவிர இங்கே இறங்கிப் பார்க்கும் ஆள் கிடையாது.

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே தண்டவாளம் பாடத் தொடங்கியது. பதினொன்று இருபது வண்டி. ஓட்டுவது அவள் தம்பி.

ஓட நேரமில்லை, சேறு முழங்காலைப் பிடித்திருந்தது. பதினான்காவது வரிசைக்கே திரும்பி, உள்ளங்கையைக் காலின் மேல் வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள். இரைச்சல் நெருங்கியது. எஞ்சின் மேலே ஏறியபோது கால் அவள் கைக்குள் இறங்கியது. கட்டைவிரல் அகலம். மரம் அழுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி. வண்டி கடந்தபின்தான் கால் மேலே வந்தது. முழுதாக வரவில்லை.

அவள் தக்கைப் பையை மூடினாள். இரும்பு ஏணியைப் பிடித்து ஏறி, தண்டவாளத்தை ஒட்டிய நடைபலகையில் நுனி நிலையத்தை நோக்கி நடந்தாள். ஓடினால் விழுந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. பன்னிரண்டரைக்குக் கப்பல். ஒரு மணிக்கு அதே வண்டி, அதே கால்களின் மேல், ஆட்களோடு திரும்பும்.

தம்பி எஞ்சின் படியில் உட்கார்ந்திருந்தான்.

"என்னக்கா, சேத்துல புரண்டு வந்திருக்க? நீ மரத்துக்கு வைத்தியம் பாத்தியா, மரம் உனக்குப் பாத்துச்சா?"

"எஞ்சினை அணைச்சிடு."

"இப்ப அணைச்சா இந்தக் கிழடு மறுபடி கிளம்பறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்."

"அணைடா."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மேலே ஏறி அணைத்தான்.

நிலையத்தில் மிச்சமிருக்கும் ஒரே கடை தம்பி மனைவியின் டீக்கடை. "அண்ணி, முதல்ல உக்காருங்க. உதடெல்லாம் வெளுத்துப் போச்சு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். சுத்தியலக்கா உட்காரவில்லை. கடை மேஜையைத் துடைத்துவிட்டு அறிக்கைத் தாளை விரித்தாள். எழுத எழுத, தம்பி மனைவி தலைகீழாகவே படித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, இந்தக் கடைய நம்பித்தான் ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்க. நீங்க இதை எழுதினா கடையும் இல்ல, அவருக்கு வண்டியும் இல்ல. தெரிஞ்சுதான் எழுதறீங்களா?"

"தெரிஞ்சுதாம்மா எழுதறேன்."

முதல் தாள் தடங்கலின்றி ஓடியது. வரிசை, கால், எத்தனை சுற்றில் துளைப்பான் பாய்ந்தது, எவ்வளவு இறங்கியது. இரண்டாவது தாளில் காரணம் என்ற இடத்துக்கு வந்தபோது பேனா நின்றது. புழு என்று ஒரு சொல் எழுதினால் முடிந்தது. பொய்யும் இல்லை. அதற்கு மேல் எழுதினால் வேலை போகும், போகட்டும். விசாரணை வரும், பென்ஷன் போகும். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "பாலத்தை ஓட்டை போட்டவ இவதான்" என்பார்கள்.

ஆனால் வடக்கே அடுத்த துறைமுகத்திலும் இதே மாதிரி ஒரு பாலம். நாலு வருடத்துக்கு முன் அங்கே தட்டுகிற ஆள் தக்கைக்கு வழி கேட்டு எழுதியிருந்தார். இரண்டு சாக்கு நிறையச் சீவி, தானே வண்டியில் ஏற்றி அனுப்பினாள். நன்றாகப் பொருந்துகிறது என்று நன்றிக் கடிதம்கூட வந்தது. அங்கே இன்னமும் நாளைக்குப் பதினோரு ரயில்.

எழுதினாள். துளைகளைப் போட்டது யார், தக்கையை எந்த மரத்தில் யார் செய்தது, எத்தனை எங்கே போனது, எல்லாம். நான்கு தாள் ஆயிற்று. கீழே கையெழுத்துப் போட்டபோது கப்பல் ஊதியது.

மாஸ்டர் கப்பல் பலகையை இறக்கச் சொல்லிவிட்டு வேகமாக வந்தார். நல்ல மனிதர். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். அவளையும் அணைந்த எஞ்சினையும் தாள்களையும் வரிசையாகப் பார்த்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏம்மா, இருபத்து மூணு வருஷமா தட்டற. இன்னிக்குத்தான் அது உன்கிட்ட பேசுச்சா?"

"பேசலை சார். பேச்சு நின்னுபோச்சு." டப்பியைத் திறந்து காட்டினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்வாங்கினார்.

"நான் அந்தத் தாளைத் தொட மாட்டேன். தொட்டா நேரம் போட்டுக் கையெழுத்துப் போடணும். போட்டா வண்டி நகரக்கூடாது. நாளைக்குக் குடு, வாங்கிக்கறேன்."

"நாளைக்குள்ள இன்னும் ரெண்டு தடவை வண்டி அதுமேல போகும் சார்."

"அறுபது வருஷமா போயிட்டுத்தான் இருக்கு." அவள் புரட்டிக் காட்டிய இரண்டாவது தாளைத் தொடாமலே படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, எழுதிட்ட. அந்தத் தக்கை விஷயத்தையாவது அடிச்சிடு. புழுன்னு இருந்தா போதும். உன் கழுத்துக்கு நீயே ஏம்மா சுருக்குப் போட்டுக்கற?"

"வடக்குப் பாலத்துலயும் என் தக்கைதான் சார். ரெண்டு சாக்கு."

அவர் கைகள் முன்னால் வரவில்லை. பயணிகள் பலகையில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஐம்பது அறுபது பேர் இருக்கும். பெட்டி படுக்கையை ஜன்னல் வழியாகத் திணித்து இடம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ ஒருவர், "எஞ்சின் ஏன் தூங்குது?" என்று கேட்டார், நாலு பேர் சிரித்தார்கள். சுத்தியலக்கா தாள்களை நீட்டியபடியே நின்றாள். அவர் வாங்காவிட்டால் என்ன செய்வது என்று எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை.

தம்பி எஞ்சினிலிருந்து இறங்கி வந்தான். முகத்தில் கேலி இல்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். அந்த எடம் வந்தா எஞ்சின் இடப்பக்கம் இறங்கி ஏறுது. ரெண்டு மாசமா."

"யார்கிட்டடா சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா ஸ்டேஷன் போயிடும். அந்த எடத்துல சீட்டை விட்டு எந்திரிச்சு, கதவைத் திறந்து வச்சுக்கிட்டு ஓட்டறேன்."

"கதவு எதுக்கு?"

"குதிக்கறதுக்கு."

கடைக்குள் ஒரு தம்ளர் கீழே விழுந்தது. தம்பி மனைவி வெளியே வந்தாள். "ரெண்டு மாசமாவா? நேத்து நம்ம பிள்ளைங்களைப் பெட்டியில உக்கார வச்சுக் கூட்டிக்கிட்டு வந்தீங்களே!"

அவன் தரையைப் பார்த்தான். சுத்தியலக்கா அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை இறங்கிவிடும். மாஸ்டர் பெட்டிகளின் பக்கம் திரும்பினார். ஒரு ஜன்னலில், கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஒரு குழந்தை அவரையே பார்த்தது.

பிறகு தம்பியிடம் சொன்னார்: "எல்லாரையும் இறங்கச் சொல்லு. நடைபலகையில ஒவ்வொருத்தரா கரைக்குப் போகட்டும். மூட்டையை நீ தூக்கு." தம்பி மனைவியிடம், "உன்கிட்ட மணி என்னம்மா?" என்றார்.

"பன்னெண்டு அம்பத்தி ஒண்ணு."

கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டையும் நீட்டினார். சேறு படாத ஓரமாகப் பிடித்து, நான்கு தாள்களையும் விளிம்பு சேர்த்து, அவள் அவற்றை அவர் கைகளில் கொடுத்தாள்.