பெயர் எழுதாத விடைத்தாள்கள்

இன்று செங்கல்பட்டில், எங்கள் கல்லூரியின் இறுதியாண்டு பி.காம். வகுப்பில் நடந்தது இது.

ஒரு நிறுவனம் தன் சுற்றுச்சூழல் பணிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையைக் கொடுத்து, "இதை எவ்வளவு நம்பலாம்? காரணத்தோட எழுதுங்க" என்றேன். கணக்கியல் மாணவர்கள் இத்தகைய அறிக்கைகளை எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

எல்லோரும் "முழுமையாக நம்பலாம்" என்று எழுதியிருந்தார்கள். அவர்களுக்குத் தணிக்கைப் பாடம் எடுப்பவன் நான். மனம் சோர்ந்துபோனது.

"ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரலையா?"

படாளத்திலிருந்து வரும் முருகன் எழுந்தான். "ஏரியத் தூர் வாரினோம்னு போட்டுக்கிறாங்களே சார், அது எங்க வூட்டாண்டதான். இன்னும் ஆகாயத்தாமரையாத்தான் கீது."

"அதை ஏன்பா எழுதல?"

"அடுத்த வாரம் கேம்பஸ் இண்டர்வியூக்கு வர்றதே அவங்கதான் சார். நீங்க வேற மேல பேரு எழுதச் சொல்லிட்டீங்க."

முன்பெஞ்சு ஃபர்ஸானாவும் சேர்ந்துகொண்டாள். "எங்க எல்லாருக்கும் வேலை வேணுமே சார்."

புதுத் தாள்களைக் கொடுத்து, பெயரில்லாமல் மறுபடி எழுதச் சொன்னேன். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஆதாரம் எங்கே, சரிபார்த்தது யார், போன வருடக் கணக்கோடு ஏன் ஒப்பிடவில்லை என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். பாடம் நன்றாகவே ஏறியிருக்கிறது.

சந்தோஷமாகத்தான் வீடு திரும்பினேன்.

நானும் இந்த வலைப்பதிவில் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். என் மனைவிக்கு நாவலூரில் அவர்களிடம்தான் வேலை.

பின்னூட்டத்தில் உங்களுக்கும் பெயர் கட்டாயமில்லை. அனானிகள் வரலாம்.