பள்ளத்துல லெஃப்ட்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் லிஃப்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிற வேலை. நாள் முழுக்கப் பயணம்தான், ஆனால் ஒரு அடிகூட முன்னால் போனதில்லை. அப்படிப்பட்டவள் நாற்பத்தாறு வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டு, ஐந்து நாள் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்தால் வீட்டில் சும்மா விடுவார்களா? "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் கிளம்புகிற அன்று அவரே டயருக்குக் காற்றடித்துக் கொடுத்தார். அதில் இவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

பயணத்துக்குத் தலைவி அவருடைய தங்கை, இவளுக்கு நாத்தனார். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதட்டலுக்குக் கேட்க வேண்டுமா! "முடியலைன்னு ரெண்டு நாள் கூட வர்ற வேன்ல ஏறினவங்க, மறுநாள் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிடணும்" என்று முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள். நேற்று ஒரு மேட்டில் மூச்சு வாங்கி லிஃப்ட் அக்கா வேனில் ஏறியாகிவிட்டது. இன்றும் ஏறினால் நாளைக்கு பஸ்தான். கடைசி வரைக்கும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. செத்தாலும் ஏறக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் மூன்றாம் நாள் பெடலில் கால் வைத்தாள்.

வயல்களுக்கு நடுவே வரிசையாகப் போனார்கள். இதமான வெயில், எதிர்க்காற்று இல்லை. முன்னால் போகிற நாத்தனார் ரோட்டில் குழி பார்த்தால் "பள்ளம்!" என்று கத்துவாள். அடுத்தவர் "பள்ளம்!" என்பார், அதற்கடுத்தவர் "பள்ளம்!" என்பார். அப்படியே வால் வரைக்கும் வந்து சேரும். வால் யார்? வேறு யார், லிஃப்ட் அக்காதான். அவளுக்கு முன்னால் பேக்கரிக்காரர். தங்கமான மனுஷர், ஆனால் வாய் சும்மா இருக்காது. சொந்தக் கடை பன்னை மென்றுகொண்டேதான் மிதிப்பார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், வேன் தங்குமிடத்துக்கு முன்கூட்டியே போய்விட்டது. கொஞ்ச தூரத்தில் முன்னாலிருந்து சேதி வந்தது: "பாலத்துல லெஃப்ட்!" பேக்கரிக்காரரும் திரும்பிக் கத்தினார், வாய் நிறையப் பன்னோடு. லிஃப்ட் அக்காவின் காதில் அது "பள்ளத்துல லெஃப்ட்" என்று விழுந்தது. காலையிலிருந்து பள்ளம் பள்ளம் என்றே கேட்ட காது, அது என்ன செய்யும் பாவம்.

அந்த நேரம் பார்த்து அவள் சைக்கிளில் செயின் கழன்றது. மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது ஒருத்தரையும் காணோம். வளைவு தாண்டியதும் நடுரோட்டில் ஒரு பெரிய பள்ளம், அதை ஒட்டியே இடது பக்கம் ஒரு மண்பாதை. 'கரெக்டாத்தான் சொல்லியிருக்காங்க' என்று மெச்சிக்கொண்டே திரும்பினாள்.

வெகுதூரம் போன பிறகுதான் சந்தேகம் வந்தது. ஒரு தோட்டக்காரர் வேலிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தப் பக்கம் சைக்கிள்ல ஆளுங்க போனாங்களா?"

"காலையிலேருந்து ஒரு ஈ காக்கா வரலியேம்மா."

தங்கப் போகிற ஊரைச் சொல்லிக் கேட்டாள். "அந்த மேட்டைத் தாண்டினா ஊருதான். ஆனா மேடு பொல்லாதது" என்றார். லிஃப்ட் அக்கா மேட்டை அண்ணாந்து பார்த்தாள். போன் பையில் இருந்தது, பை வேனில் இருந்தது. சரி, ஆனது ஆகட்டும் என்று மிதித்தாள். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினாள், மறுபடி ஏறி மிதித்தாள்.

பாதி மேட்டில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம். வேன் நிற்கும் முன்னாலேயே நாத்தனார் குதித்து ஓடிவந்தாள்.

"எங்க அண்ணி போனீங்க? எனக்கு உயிரே போயிடுச்சு! அந்தத் தோட்டக்காரர் மட்டும் கை காட்டலைன்னா..."

"பள்ளத்துல லெஃப்ட்னுதானே சொன்னீங்க?"

"ஐயோ, பாலம் அண்ணி, பாலம்!"

நாத்தனாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "முதல்ல தண்ணி குடிங்க, அப்புறம் வேன்ல ஏறுங்க" என்று தன் போனை அவள் கையில் திணித்துவிட்டு, பாட்டில் எடுக்க வேனுக்குப் போனாள்.

போன் அடித்தது. திரையில் 'அண்ணன்' என்றிருந்தது. தேடுகிறார் போல, பாவம், பயந்திருப்பார் என்று நினைத்து லிஃப்ட் அக்கா எடுத்துக் காதில் வைத்தாள். வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"என்னம்மா, இன்னைக்கும் வேன்ல ஏறிட்டாளா? நான் சொன்ன மாதிரி சட்டம் போட்டது நல்லதாப் போச்சு பாத்தியா. காலையில முதல் பஸ்ஸுல ஏத்தி விட்டுடு."

பாட்டிலோடு வந்த நாத்தனார், அண்ணியின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். லிஃப்ட் அக்காவுக்குக் கோபம் ஒரு பக்கம், அதைவிட வருத்தம் இன்னொரு பக்கம். காற்றடித்துக் கொடுத்த கை இப்படியும் செய்யுமா?

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு காலைத் தூக்கிப் பெடலில் வைத்தாள்.

"அவ மேடு ஏறிட்டிருக்கா" என்றாள் போனில். "அப்புறமா பேசுவா."