கௌரி தலையாட்டினால் நிறுத்து

பிறர் பிய்த்த மரையைச் சரிசெய்து பிழைக்கிறவன் நான். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ரீவொர்க் மேசை என்னுடையது. எங்கள் பாகங்கள் எல்லாம் அலுமினியம். போல்ட்டை நேராக முறுக்கினால் தாங்காது. அதனால் துளைக்குள் இன்செர்ட் என்ற எஃகுச் சுருளைப் பதித்து, அதில்தான் முறுக்குவோம். முறுக்கு அளவை எட்டியதும் டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்னும்; உடனே கையை நிறுத்த வேண்டும். இன்னொரு இழுப்பு இழுத்தால் சுருள் போல்ட்டோடு மேலே வந்துவிடும். ரிப்பேர் மேசையில் உட்கார்ந்த பாவிகளுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

குவிந்த பாகங்கள்

ஒரு திங்கட்கிழமை, சுருள் கிளம்பிய பாகங்கள் என் மேசையில் குவிய ஆரம்பித்தன. பழைய சுருளைப் பிடுங்கி, புதியதைப் பரப்புக்குச் சற்றுக் கீழே இறக்கி, அதன் வால்போன்ற நுனியை உடைத்தெடுத்து... டீ குடிக்கக்கூட நேரமில்லை. லைன் சூப்பர்வைசர் செல்வம், மதுரைப் பக்கத்துக்காரர், எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

“யாரு வேலைன்னு பாருங்கண்ணே. ஆளை மாத்திருவோம்.”

எதிரே யாருமில்லை

ஆளை மாற்றுவதென்றால் வீட்டுக்கு அனுப்புவது. லைனுக்குப் போய்ப் பார்த்தேன். ராயக்கோட்டையிலிருந்து வரும் சாவித்திரி முறுக்கிக்கொண்டிருந்தார். ‘டிக்’ சத்தம் எனக்கே கேட்டது. அவரோ எதிரே காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை இழுத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்; திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது.

“காது கேக்கலைன்னு சொல்லிடாதீங்கண்ணா. வெலையில்லன்னு தக்காளியை உழுதுட்டாரு வூட்டுக்காரரு. இதுவும் போச்சுன்னா?”

கல்யாண லீவு

யாரிடமும் சொல்லாமல் மரை மாற்றிக்கொண்டிருந்தேன். எதிர் இடத்துக்காரி கௌரி, ஆனேக்கல்லில் தங்கை கல்யாணம் முடிந்து வந்தாள். ‘டிக்’ கேட்டதும் தலையாட்டி, இத்தனை நாளும் சாவித்திரியை நிறுத்தியது அவள்தான். விஷயம் கேட்டதும் பாதிக் கன்னடத்தில் என் மேல் பாய்ந்தாள்.

“ஒரு வாரம் நானில்லேன்னா, அக்காவுக்குத் தலையாட்ட இங்கே யாரூ இல்லவா?”

செல்வத்தின் ஏற்பாடு

கௌரி போட்ட சத்தம் எட்டியிருக்கும்போல; மறுநாள் செல்வம் வந்து, “சாவித்திரி அக்காவாண்ணே?” என்றார். நான் குனிந்து அடுத்த சுருளைப் பிடுங்கினேன். விறுவிறுவென்று போய்விட்டார். மதியம், அளவு வந்ததும் விளக்கெரியும் ரெஞ்ச் ஒன்றை அடுத்த லைனிலிருந்து வாங்கிவந்து, சாவித்திரியின் முகத்துக்கு நேரே நின்று பேசினார். அவர் உதட்டசைவையே பார்த்துக்கொண்டிருந்த சாவித்திரி அழுதுவிட்டார்.

“பச்சை லைட்டு எரிஞ்சா நிப்பாட்டுங்கக்கா. உங்க காதை இங்க யாரு கேட்டா?”

மேசை காலியாகிப்போனதற்காகச் சந்தோஷப்பட்ட முதல் ரீவொர்க்காரன் நானாகத்தான் இருப்பேன்.